எட்டு மேட்ச்

"பந்து விளையாட ஒரு வருசம் தாரேன். அதுல ஆளாகலீன்னா வந்து தறியப் பாரு" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருந்தார்.

அந்த வருடம் முடிந்து சந்தோஷ்குமார் வெண்ணந்தூருக்குத் திரும்பினான். தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றில் அவனுக்கு அது முதல் வருடம்.

அவனைக் கண்டதும் அப்பா விசைத்தறியை நிறுத்தினார்.

"டீமுல உனக்கு என்ன வேலை சாமி?"

"பாயின்ட் கார்டுங்கப்பா. பந்தைக் கொண்டுபோயி மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கோணும்."

"பெரிய பொறுப்புதான். எத்தனை மேட்ச்சு ஆடுன?"

"எட்டுங்கப்பா."

பக்கத்துத் தறியில் நின்ற தனபால் சிரித்தான். "எட்டுலயுமா தம்பி?"

"எட்டுலயுந்தாண்ணா." சந்தோஷ்குமாருக்குக் காது சுட்டது.

"தனபாலு, நீ போயி டீ வாங்கியா" என்றார் அப்பா.

தனபால் வெளியே போனதும் சொன்னார்.

"செரி. அடுத்த வருசமும் போயிட்டு வா."

இவ்வளவு எளிதாக விடுவார் என்று அவன் நினைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து பாவு நூலைத் தடவினான்.

"கால் வலிக்குதா?"

"ஓடி ஓடிக் கொஞ்சம் வலிக்குதுங்கப்பா."

அப்பா அலமாரியிலிருந்து தைல டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"முதுகுக்குப் போடு சாமி. தனபாலு போன்ல எட்டு மேட்ச்சும் பாத்தோம். கடைசி வரைக்கும் பெஞ்சுலயே உக்காந்திருந்தா முதுகுதான் வலிக்கும்."

பிறகு தறியை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் இனி அவன் என்ன சொன்னாலும் கேட்காது.