பொட்டலம் கட்டியவர்

“சோதிச்சுப் பாக்க என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா உங்களுக்கு?”

லீலா கேட்டதில் நியாயம் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் முத்துராமன் மூச்சுக்குழாயோடு கிடந்தார். ஜூரோங் கப்பல் பட்டறையில் காலில் பட்டது சின்ன வெட்டுதான். ‘இதெல்லாம் ஒரு காயமா’ என்று பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போன மனிதர். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. இப்போது சிறுநீரகமும் படுத்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் சங்கீதா. புது மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் நர்ஸ். சுவா சூ காங்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்க் குடும்பம் என்றால் ஆய்வை நடத்தும் டாக்டர் நஸீஹா இவளைத்தான் அனுப்புவார்.

வழக்கமான வைத்தியம் எதுவும் நிற்காது, அதோடு கூட ஒரு புட்டி ஏறும், அவ்வளவுதான் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். பாதிப் பேருக்கு அதில் புது மருந்து இருக்கும், மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். சாயங்காலத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் இவரைச் சேர்க்க முடியாது.

யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும் என்றதும் எந்தக் குடும்பமும் முகம் சுளிக்கும். உசுரைக் கொண்டுபோய் கம்ப்யூட்டரிடம் கொடுப்பதா? அதற்கென்றே சங்கீதா ஒரு பேச்சைக் கைவசம் வைத்திருந்தாள்.

“கோயில்ல பூக்கட்டிப் பாப்போம்ல ஆன்ட்டி, அந்த மாதிரிதான்.”

அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எதில் எது என்று எடுக்கிறவருக்குத் தெரியாது. இதைச் சொன்னால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள்.

லீலா தலையாட்டவில்லை.

“பொட்டலம் கட்டுறது யாரு?”

இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. சங்கீதா தடுமாறிப்போனாள். மருந்தகத்தில் ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு மட்டும்தான் தெரியும், டாக்டரிடம்கூடச் சொல்ல மாட்டார் என்றாள்.

“அவரை நான் பாக்கணும்.”

“அதெல்லாம் முடியாது ஆன்ட்டி.”

லீலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணப் பேச்சின்போது அவள் அம்மாவுக்கு முத்துராமனைப் பிடிக்கவே இல்லை. அம்மனே சொல்லட்டும் என்று சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கு எல்லாரையும் இழுத்துப் போனார். வெள்ளை வந்தது. அம்மா வாயை மூடிக்கொண்டார். கோயில் வாசல் பூக்கடைக்காரர் முத்துராமனின் கூட்டாளி என்பதோ, கடைக்குள்ளே உட்கார்ந்து பொட்டலம் கட்டியது மாப்பிள்ளையேதான் என்பதோ பாவம், அம்மாவுக்குத் தெரியாது.

“ரெண்டுலயும் வெள்ளையை வச்சிருக்காரு, திருட்டு மனுஷன். தாலி கட்டின அப்புறம்தான் எங்கிட்டயே சொன்னாரு.”

சட்டென்று சங்கீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க ஆளுகிட்ட சொல்லும்மா. ரெண்டுலயும் மருந்தையே வைக்கச் சொல்லு.”

‘சொல்றேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையெழுத்து விழுந்துவிடும். சங்கீதாவுக்கு அதைச் சொல்ல மனசு வரவில்லை.

“மருந்து வெள்ளைப் பூதானான்னு எங்களுக்கே தெரியாது ஆன்ட்டி. நல்லதும் செய்யலாம், கெடுதலும் செய்யலாம். தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் குடுத்திருப்போம்லா.”

லீலா கையை விட்டாள். எழுந்து போய்க் கண்ணாடியருகே நின்றாள். வீங்கிப்போன அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போச்சு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று சங்கீதா தன்னையே திட்டிக்கொண்டாள். தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழப்போனாள்.

லீலா திரும்பி வந்து உட்கார்ந்தாள். “குடு” என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

“நான் வெள்ளையா சிவப்பான்னு அன்னிக்கு இவருக்கு மட்டும் தெரியுமா என்ன?”