சுவர்ப் பக்கம்

சின்னவர் வந்து உட்கார்ந்ததும் பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்றும் இதேதான். அதற்கு முதல் நாளும் இதேதான்.

ஒன்றாக மோட்டார் பட்டறை நடத்திய அண்ணன் தம்பி. பிறகு தம்பி பிரிந்துபோய் எதிரிலேயே தனிப் பட்டறை போட்டார். பத்து வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது அண்ணனுக்கு வயிற்றில் புற்றுநோய். இனிமேல் குணமாகாது, கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் சின்னவர் ரோஷத்தைப் பட்டறையிலேயே கழற்றி மாட்டிவிட்டு ஓடிவந்தார்.

வந்தால் முதுகுதான் தரிசனம்.

"அப்பா, சித்தப்பா வந்திருக்கார் பாருங்க." மகன் அவரைப் பதமாகத்தான் நாற்காலிப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தான்.

பெரியவர் தம்பியைப் பார்த்தார். உதடு அசைந்தது. உடனே முகம் கோணியது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்து, மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

"ஏண்ணே, மூஞ்சியைப் பாக்கக்கூடப் பிடிக்கலையா?"

சின்னவர் நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டார்.

"இப்பவுமா வீம்பு? ரெண்டு திட்டாவது திட்டேன். வாங்கிக்கிட்டுப் போறேன்."

முதுகு பேசுமா?

சத்தம் கேட்டு அண்ணி சமையலறையிலிருந்து வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். சின்னவரைப் பார்த்தாள்.

"போதும் தம்பி. கிளம்புங்க. நாளைக்கு வராதீங்க."

"என்ன அண்ணி?"

"காது கேக்கலையா? வராதீங்கன்னேன்."

சின்னவருக்குச் சுருக்கென்றது. பட்டறை பிரிந்ததற்கே இவள்தான் காரணம் என்று தெருவே சொல்லும். 'ஒரே உறையில ரெண்டு கத்தி எதுக்கு?' என்று அன்றைக்குக் கேட்ட வாய் இல்லையா?

"உயிர் இருக்கிறவரைக்கும் எங்களைச் சேரவிடமாட்டீங்க. அப்படித்தானே?"

அண்ணி சட்டென்று திரும்பினாள். வந்த வழியே உள்ளே போய்விட்டாள்.

வாசல்வரை வந்த மகன் கையைப் பிசைந்தான். "அம்மா சுபாவம் தெரியாதா சித்தப்பா? மனசுல வச்சுக்காதீங்க."

"வைக்க இடமில்லடா. ஏற்கெனவே நெறஞ்சு கிடக்கு."

மறுநாள் சின்னவர் போகவில்லை. பட்டறையில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கடித்துக் குதறினார். ஒரு மோட்டாருக்குச் சுற்றவேண்டிய கம்பியை இன்னொன்றுக்குச் சுற்றிவைத்தார்.

அதற்கு அடுத்த நாள் போன் வந்தது. மகன்தான்.

"சித்தப்பா, உடனே வாங்க. அப்பா உங்களைக் கேக்கறார்."

சின்னவர் போனபோது பெரியவர் நாற்காலியைப் பார்த்துப் படுத்திருந்தார். தொடையில் ஒரு குட்டி ஊசி. அதிலிருந்து மெல்லிசாக ஒரு குழாய், மேலே கையளவு மருந்துப் பை. பக்கத்தில், வீட்டுக்கு வந்து கவனிக்கும் நர்ஸ்.

சின்னவரால் சும்மா இருக்க முடியுமா?

"என்னம்மா, கையில நரம்பு கிடைக்கலையா? தொடையில குத்தி வச்சிருக்கே?"

"நரம்புல இல்லைங்க, தோலுக்கு அடியில. நரம்பெல்லாம் நொந்துபோச்சு. அதைத் தேடித் தேடி எதுக்கு அவரைக் குத்தணும்? இது மெதுவா இறங்கும். உடம்பு தானா இழுத்துக்கும்."

"என்ன மருந்து?"

"நெஞ்செரிச்சலுக்கு. வயித்துப் புளிப்பைக் குறைக்கிறது. நேத்தே ஆரம்பிச்சாச்சு."

"இந்த நிலைமையில நெஞ்செரிச்சலுக்கா மருந்து?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "நானும் அப்படித்தான் நெனச்சேன் சித்தப்பா. முழுங்க முடியலைன்னதும் அந்த மாத்திரையை நிறுத்திட்டேன். வலிக்குத்தான் ஊசி போடறாங்களே, இது வேற எதுக்குன்னு."

"வலது பக்கம் படுத்தா புளிப்பு தொண்டைவரைக்கும் ஏறியிருக்கு," என்றாள் நர்ஸ். "இடது பக்கம் திரும்பினா கொஞ்சம் அடங்கும். நாற்காலி வலது பக்கம், சுவர் இடது பக்கம். அவர் என்னதான் பண்ணுவார்?"

சின்னவர் சுவரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

கட்டிலிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"பட்டறையை யார்கிட்டடா விட்டுட்டு வந்தே?"

"பூட்டிட்டு வந்தேண்ணே."

"வேலை நேரத்துல பூட்டுவானா? மடையன்."

பத்து வருஷத்துக்குப் பிறகு விழுந்த முதல் திட்டு. சின்னவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

மருந்து முழுக்க இறங்கியதும் நர்ஸ் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சின்னவர் வாசலில் மறித்தார்.

"நீ நல்லா இருக்கணும்மா. இத்தனை பேர் சுத்தி நின்னும் யாருக்கும் புரியல. நீ ஒருத்திதான் கண்டுபிடிச்சே."

"நானா? மாத்திரை நின்னதே எனக்குத் தெரியாதுங்க. முந்தாநாள் காலையில போன் வந்துது. 'தம்பி வந்துட்டுப் போனாலே தலையணை உறையில புளிச்ச வாடை அடிக்குது. அவருக்குப் பேசணும்னு ஆசை இருக்கு, வாயைத் திறக்க முடியல. ஏதாவது பண்ணு'ன்னு ஒரே பிடி. டாக்டர்கிட்டக் கேட்டுட்டு நாளைக்கே ஆரம்பிக்கிறேன், மருந்து பிடிக்க ஒரு நாளாவது ஆகும், அதுவரைக்கும் யாருக்காகவும் அவரைத் திருப்பாதீங்கன்னு சொன்னேன். 'நாளைக்கு ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன், நீ வந்து சேரு'ன்னாங்க."

"யாரும்மா அது?"

நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே கையைக் காட்டினாள்.

"உங்க அண்ணிதான்."