பின்சக்கரப் பரீட்சை

"பேச்செல்லாம் அப்புறம், தம்பி. முதல்ல இந்தப் பைக்கோட பின்சக்கரத்தைக் கழட்டி, மறுபடி நேரா மாட்டிக் காட்டுங்க."

பெண் கேட்டு வந்திருந்த பல் டாக்டர் திருதிருவென விழித்தான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெண்ணின் அப்பா, அவன் கையில் ஸ்பானரைத் திணித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மகள் ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தாள். "வீலையே நேரா மாட்டத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி ஓட்டுவான்?" என்று சொல்லித்தான் முன்பு வந்த இன்ஜினீயரையும் பேங்க்காரரையும் அப்பா திருப்பி அனுப்பினார். பாவம், இரண்டு பேருமே கச்சிதமாகத்தான் மாட்டினார்கள். தண்ணீர் கொடுக்கும் சாக்கில் போய், செயின் அட்ஜஸ்டரை ஒரு பக்கம் மட்டும் திருகிச் சக்கரத்தைக் கோணலாக்கியவள் இவள். ஆளைப் பிடிக்கவில்லை என்று வாய் திறந்து சொல்லத் தைரியம் ஏது? அப்பா எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்ப்பா" என்பதோடு சரி.

ஆனால் இந்தப் பல் டாக்டர் அவள் இஷ்டம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனவள், மனசையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அத்தை காலில் விழாத குறையாகக் கெஞ்சி இந்த வரனை வரவழைத்ததும் அவள்தான்.

அவனோ படாதபாடு பட்டான். பழக்கதோஷத்தில், இறுகிப்போன நட்டைத் திருகும்போது "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று வண்டியிடம் சொன்னான். அச்சை உருவியதும் சக்கரம் அவன் கால்மேல் சாய்ந்தது. ஒருவழியாகத் திரும்ப மாட்டி, செயினையும் ஏற்றிவிட்டான். அச்சு நட்டை இறுக்குவதுதான் பாக்கி.

டம்ளரோடு வந்த மகளுக்குச் சக்கரத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

"தண்ணி குடிங்க."

அவன் அண்ணாந்து குடித்தான். நல்லவேளை, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க அப்பாவுக்கு எப்போதும் இந்த நேரம்தான் வாய்க்கும். மகள் சட்டென்று குனிந்து, கீழே கிடந்த ஸ்பானரால் அட்ஜஸ்டரைத் திருகினாள். அதன் இரண்டு பக்க அளவுக் கோடுகளும் சமமாயின. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

அவன் நட்டை இறுக்கினான். அப்பா எழுந்து வந்து, இரண்டு சக்கரங்களையும் ஒட்டி நூல் பிடித்துப் பார்த்தார்.

"அடடே, இம்மி பிசகல! மாப்பிள்ளை, கையைக் கழுவிட்டு வாங்க, மேற்கொண்டு பேசலாம்."

தன் கைத்திறமையைத் தன்னாலேயே நம்ப முடியாமல் பல் டாக்டர் குழாயடிக்குப் போனான். மகள் மெல்ல நழுவப் பார்த்தாள்.

"நில்லும்மா" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "உன் விரலை நல்லாத் தேய்ச்சுக் கழுவு. முன்ன ரெண்டு தடவையும் இதே மாதிரிதான் கிரீஸ் அப்பியிருந்துச்சு. அவங்களுக்குக் கோணலாக்கினே, இவருக்கு நேராக்கிட்டே... எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்ப்பா'ன்னா, உன் இஷ்டத்தை நான் வேற எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"