வீங்கிய தாடையும் நோன்புக் கஞ்சியும்

“ஆளப் பாருங்க! தாடையெலும்பில ஆணி இறக்கியும் மனுசன் நோன்ப விடல்ல. நீ தலையிடிக்கே பனடோல் தேடுற!”

பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் மச்சான் இன்பாஸின் முதுகில் தட்டியபடி ஓட்டோக்கார ஸெய்னுதீன் உரக்கச் சொன்னார். எல்லாரும் திரும்பி ஹெக்டரைப் பார்த்தார்கள். கன்னத்தோடு சேர்த்துத் தலையைச் சுற்றித் துவாய் கட்டியிருந்த ஹெக்டர் குனிந்துகொண்டார்.

அவர் கத்தோலிக்கர். மன்னாரிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்து, பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் தனியாக அறை எடுத்திருந்தார். கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளான்ட் வைத்த அன்று அவரை ஏற்றிவந்தவர் ஸெய்னுதீன்தான். விறைப்பு ஊசியின் மயக்கம் விட்டு, வலி காதுவரை தெறித்துக்கொண்டிருந்தது. வாய் நிறையப் பஞ்சு. பள்ளிவாசலடியில் ஓட்டோவை நிறுத்தி, “கஞ்சி எடுப்பமா?” என்று ஸெய்னுதீன் கேட்டார். ஹெக்டர் தலையாட்டினார். அவ்வளவுதான். அவர் நோன்பாளி என்று சேர்த்துச் சொன்னது ஸெய்னுதீன்.

கடைச் சோற்றை மெல்ல முடியவில்லை. சூப் குடித்தால் தையல் எரிந்தது. ஆறவைத்த இந்தக் கஞ்சி மட்டும்தான் வலிக்காமல் இறங்கியது. அதனால் மறுநாளும் வந்தார்; ஒரு வாரத்துக்கு மேலாகத் தினமும் வந்தார். நாளுக்கு நாள் பாராட்டுத்தான் கூடியது.

இன்று வீக்கம் வடிந்து வாய் திறக்கிறது. இனியும் பேசாதிருந்தால் அது பொய். சொன்னாலோ, கஞ்சியும் போகும், மரியாதையும் போகும்.

“நோவோட நிக்கிறார், முன்னுக்கு விடுங்க!” என்று யாரோ வழிவிட்டார்கள்.

அண்டாவருகே அகப்பையோடு நின்ற கலீலுர் றஹ்மான், “இப்ப எப்பிடி நோவு?” என்றார்.

“குறைஞ்சிட்டுது, நானா. ஒண்டு சொல்ல வேணும்.” ஹெக்டர் துவாயை அவிழ்த்தார். “நான் நோன்பு இல்ல. வேதக்காரன். பேர் ஹெக்டர். முதல்ல வாய் திறக்க ஏலாமப் போச்சு. பிறகு சொல்லப் பயமாப் போச்சு.”

வரிசை முழுவதும் ஸெய்னுதீனைத் திரும்பிப் பார்த்தது.

“யா அல்லாஹ்! நான் ஊரெல்லாம் சொல்லிட்டனே!” என்றார் ஸெய்னுதீன்.

“ஒன்ட வாய்க்குத்தான் அந்தத் துவாயக் கட்டியிருக்கணும்,” என்றார் றஹ்மான். “முதல் நாளே இவர்ட கழுத்தில சிலுவையக் கண்ட நான். பேச ஏலாத மனுசனிட்ட என்னத்தக் கேக்கிற? நோன்பில்லாட்டியும் இவர் தாங்கின நோவு நோவுதானே.”

சிரிப்பு வெடித்தது. ஹெக்டர் மூச்சுவிட்டு, தூக்குச்சட்டியை அண்டாப் பக்கம் நீட்டினார்.

றஹ்மான் சட்டென்று கையால் மறித்தார். ஹெக்டரின் முகம் சுருங்கியது.

“அண்டாக் கஞ்சியில இறைச்சி கிடக்கு,” என்ற றஹ்மான், மேசைக்குக் கீழிருந்து மூடிய சிறு பானை ஒன்றை எடுத்தார். “இண்டைக்கு வெள்ளி. உங்களுக்குத் தவக்காலமெல்லோ?”

தவக்கால வெள்ளியில் ஒருநாளும் இறைச்சி தொடாத ஹெக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலியில் கிழமையே மறந்துபோயிருந்தது.

“ஐயோ, அப்ப போன வெள்ளி...?”

“போன வெள்ளியும் உங்களுக்கு இறைச்சி போடாத கஞ்சிதான் ஊத்தின நான்,” என்றார் றஹ்மான்.