தலைக்குள் ஜரிகை

2019 மார்ச் 14 அன்று, மூளையில் சுருங்கிப்போன ரத்தக்குழாய்க்கு ஸ்டென்ட் வைப்பதற்காக, காஞ்சிபுரம் பட்டுக்கடைக்காரர் குமாரசாமிக்குச் சென்னை மருத்துவமனை ஒன்றில் மயக்க மருந்து கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடமாக, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

"உள்ள கம்பிவலை இருக்குதுபா. பக்கவாதம் எட்டிக்கூடப் பாக்காது."

மாத்திரைதான் அவருக்குக் கசந்தது. "கம்பி வச்சாச்சே, இன்னும் எதுக்குமா இது?"

"கம்பி துரு பிடிக்காம இருக்க. முழுங்குங்க" என்பாள் மனைவி இந்திராணி.

கடையில் அவர் கலப்பு ஜரிகைச் சேலையைச் சுத்த ஜரிகை என்று சொல்லி விற்றபோது ஒருமுறை அவள் முணுமுணுத்தாள்.

"சந்தோஷமா கட்டிக்கினு போறா. அவ மனசுல அது சுத்த ஜரிகைதான். சொல்லி ஏன் கெடுக்கணும்?" என்றார் குமாரசாமி.

ஐந்தாம் வருடப் பரிசோதனைக்கு இந்திராணியோடு போனபோது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். புதிதாக வந்திருந்த டாக்டர் பழைய கோப்பைப் புரட்டினார்.

"நிறுத்தவே கூடாது சார். இத்தனை வருஷம் உங்களைக் காப்பாத்தினதே மாத்திரைதான். ரத்தக்குழாய் ரொம்ப வளைஞ்சிருந்ததால ஸ்டென்ட் உள்ளயே போகல. வைக்காமத்தான் அனுப்பியிருக்காங்க. அம்மாகிட்ட அன்னைக்கே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கு."

நெற்றிக்குப் போன குமாரசாமியின் கை பாதியில் நின்றது.

"அஞ்சு வருஷமா ஏன்மா சொல்லல?"

"சந்தோஷமா இருந்தீங்க. உங்க மனசுல அது சுத்தக் கம்பிதான். சொல்லி ஏன் கெடுக்கணும்?"

மறுநாள் காலை அவர் யாரும் சொல்லாமலே மாத்திரையை விழுங்கிவிட்டுக் கடையைத் திறந்தார். முதலில் விற்றது ஒரு கலப்பு ஜரிகைச் சேலை. சுத்த ஜரிகை என்றே விற்றார்.