வஜ்ரவேலுக்குத் திதி

புதிதாக வாழவந்த சண்முகப்ரியாவுக்கு ஒரே ஆச்சரியம். தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தானாக எடுக்காத மாமனார் கொளஞ்சிநாதன், பீங்கான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

“வஜ்ரவேலுக்கு இன்னைக்குத் திதிம்மா. படையல நான்தான் செய்யணும், வேற யாரு கையும் படக்கூடாது.”

“சொந்தக்காரரா மாமா?”

“அதுக்கும் மேல. பாலம் இடிஞ்சி ஸ்கூலு பஸ்ஸு ஆத்துல வுழுந்துடுச்சு. அத்தன புள்ளைங்களையும் கரையில தூக்கி வுட்டுட்டு, அவரு வெள்ளத்தோட போயிட்டாரு. நான் அப்ப ஒம்பதாவது. ஜங்ஷன்ல நின்னு தேம்பித் தேம்பி அழுதேன்.”

அவளுக்கும் கண் கலங்கியது.

இலை போட்டுப் பரிமாறியவர், மாலை போட்ட படத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

நீலப் பேன்ட். அதற்கு மேலே சிவப்பு ஜட்டி. முதுகில் பறக்கும் துண்டு. கீழே கொட்டை எழுத்தில், ‘தீபாவளி மலர்: வஜ்ரவேலின் முடிவு!’

“ஜங்ஷன் கடையில இந்த புக்க வாங்கிப் படிச்சதுக்கப்புறம் காமிக்ஸையே நான் தொடலம்மா” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே காக்காயைக் கூப்பிட மாடிக்குப் போனார்.

திட்டக்குடியில் தன் அப்பா சேர்த்துவைத்த காமிக்ஸையெல்லாம் கரைத்துக் குடித்தவள் சண்முகப்ரியா.

“அத்தை, இவரு சாவலையே! அடுத்த புக்குலயே நீந்தி வந்துடுவாரே! மாமாகிட்ட சொல்லிட்டு வரேன்...”

மாமியார் விருத்தாம்பாள் பாய்ந்துவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

“அது எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும்டி. வாயத் தொறந்த, வருஷத்துல ஒருநாளு கெடைக்கிற அடுப்படி லீவும் போயிடும்!”