வில்லங்கம் இல்லாத சம்பந்தம்

மாமனார் ஆகப்போகிறவரின் பேர் கொலைக் கேஸில் இருந்துவிடக் கூடாதே என்று நீலாம்பாள் வேண்டிக்கொண்டிருந்தாள். நாகப்பட்டினம் கோர்ட்டு வாசலில் அம்மா காளியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பழைய வழக்குகளைத் தேடிப் பார்க்க உள்ளே போன வக்கீல் குமாஸ்தா தியாகராசனை இன்னும் காணோம்.

மாப்பிள்ளை இராஜாங்கத்துக்கு ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பால்வாடியில் அத்தனை பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவளிடமே நேராகக் கேட்டான். யாரும் அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அப்போதே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அம்மாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது, அவன் அப்பா தங்கையன் பழைய பேச்சை எடுக்கும் வரை. காப்பியை ஆற்றிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் மருதையனோட நானும் அந்த நாணலுக்குள்ள கெடந்தவன்தாங்க. கடைசி நாள் வரைக்கும்," என்றார் உரிமையோடு. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அவர்கள் பஸ் ஏறிப் போனதும், கோர்ட்டில் விசாரிக்காமல் இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நாணல் கதை நீலாம்பாளுக்குத் தெரியும். எழுபதாம் வருஷத்து அறுவடையில் கூலித் தகராறு முற்றி, மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். அரிவாளோடு நடந்த மோதலில் பண்ணைக் காரியக்காரர் வெட்டுப்பட்டுச் செத்துப்போனார். சுற்றுப்பட்டு ஊர்களின் ஆம்பளைகள் வெட்டாற்றங்கரை நாணல் காட்டுக்குள் போய்ப் பதுங்கினார்கள். பெண்கள் புல்லுக்கட்டுக்குள் சோற்றுத்தூக்கை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அம்மா சோறு கொண்டுபோன மறுநாள் விடிகாலையில் போலீஸ் நேராக அந்த இடத்துக்கு வந்து வளைத்துக்கொண்டது. ஸ்டேஷனுக்குப் போன மருதையன் பிணமாகத்தான் வீடு வந்தார். அப்போது கைக்குழந்தையாக இருந்த நீலாம்பாளுக்கு அப்பாவின் முகம்கூட நினைவில்லை.

அதற்குப் பிறகு கேஸ், போலீஸ் என்ற பேச்சையே வீட்டில் யாரையும் எடுக்க விட்டதில்லை அம்மா. அப்படிப்பட்டவள் தானாகக் கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறாள் என்றால், காரியக்காரரை வெட்டியது தங்கையனோ என்ற சந்தேகம்தான் அவளை அரிக்கிறது என்று நீலாம்பாள் நினைத்தாள். அவர் வெட்டியதற்கு அப்பா அடிபட்டுச் செத்திருந்தால், அந்த வீட்டில் போய் எப்படி வாழ்வது?

"அப்படியே அவர் பேரு இருந்தாலும் என்னம்மா? எங்கப்பா பேரும்தானே இருக்கும்," என்று கேட்டுப் பார்த்தாள். அம்மாவின் கண் ரிக்கார்டு அறையின் கதவிலேயே இருந்தது.

ஒருவழியாகத் தியாகராசன் சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். கிரிமினல், சிவில் இரண்டையும் அலசிவிட்டதாகச் சொன்னார். நாணல் காட்டில் பிடிபட்டவர்களில் ஒருத்தரைக்கூட விடாமல் கொலைக் கேஸில் சேர்த்திருக்கிறார்கள். ஆற்றில் விழுந்து நீந்தித் தப்பியவர்களின் பேரையும் விசாரித்துத் தலைமறைவு என்று போட்டிருக்கிறார்கள். செத்துப்போன மருதையன் பேரைக்கூட விடவில்லை. குடியிருப்பைக் காலிசெய்யச் சொல்லி மிராசுதார் போட்ட சிவில் வழக்கிலும் எதிராளிகள் அதே ஆட்கள்தான்.

"தங்கையன் பேரு?" என்றாள் காளியம்மாள்.

"எதுலயும் இல்லைம்மா. அந்த வருஷம் இந்தப் பக்கத்துல கேஸ் இல்லாத ஆம்பளையைப் பாக்கறதே அபூர்வம். வில்லங்கம் இல்லாத சம்பந்தம். தைரியமாப் பேசி முடிங்க."

நீலாம்பாளுக்கு இராஜாங்கம் கேட்ட அந்தக் கேள்வி மறுபடி காதில் விழுவது போலிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. ஊர்ப் பேரையும் தகப்பன் பேரையும் சரியாகப் பார்த்தீர்களா என்று குமாஸ்தாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லாம் பார்த்தாயிற்று, சந்தேகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு கட்சிக்காரர் கூப்பிடவும் அவர் நகர்ந்துவிட்டார்.

"அதான் இல்லைன்னு சொல்லிட்டாருல்ல, வாம்மா," என்று நீலாம்பாள் அவள் கையைப் பிடித்தாள். அம்மா அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. சோறு கொண்டுபோனவள் பின்னாலேயே போலீஸ் வந்துவிட்டது என்று ஊர் வாய் இருபது வருஷமாக முணுமுணுத்ததை மகள் காதில் விழாமல் காத்து வந்தவள் அவள்.

காளியம்மாள் மகளின் கையை இறுக்கிக்கொண்டாள்.

"நாணலுக்குள்ள கடைசி நாள் வரைக்கும் கெடந்தேன்னு அவன் வாயாலயே சொன்னான். கேஸ்ல அவன் பேரு மட்டும் இல்லை. உங்கப்பாவைக் காட்டிக் குடுத்தது நான் இல்லடி, அவன்தான்."